அண்ணாந்து குடித்த காப்பி

1943-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை 4.15-க்கு எழுந்தேன். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர், நல்ல குளிர். 5.20-க்குள் குளியலும் ஜபமும் முடிந்தன. ஐந்தரைக்கு என் மனைவி காப்பி கொடுத்தாள். சர்க்கரை தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்ததால் கருப்பட்டி போட்டிருந்தாள். 5.50-க்குக் கரமனையிலிருந்து புறப்பட்டு, கிள்ளிப்பாலம் வழியாகச் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். இருபத்தெட்டு நிமிஷம். அரிசிக் கடைகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்தன. 6.18-க்கு எங்கள் காப்பிக் கடையின் பக்கவாசலைத் திறந்தேன். சாம்பிள் வறுக்கும் சிறு வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். தராசுத் தட்டுகள் இரண்டையும் துடைத்தேன். பின்முற்றத்துக் கொட்டகையில் வறுப்பு மேஸ்திரி அதற்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பற்றவைத்திருந்தார். கொட்டை நிரப்பிய முதல் உருளை 6.40-க்கு நெருப்பில் ஏறியது, 7.05-க்கு இறங்கியது.

இவ்வளவும் டைரியில் இருக்கிறது. அன்று ஒன்பது மணிக்குப் பிறகு நடந்ததற்கு இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன். மிச்சத்தைக் கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. ஆறவில்லை. ஆகவே இப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கடையில் எனக்குச் சாம்பிள் பார்க்கும் வேலை. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காப்பிக்கொட்டையை வறுத்து, காய்ச்சி, ருசி பார்த்து, வாங்கலாமா கூடாதா, எந்தக் கொட்டையோடு எதைக் கலக்கலாம், எந்த நிறம்வரை வறுக்கலாம் என்று சொல்ல வேண்டும். முதலாளி எங்கள் சமூகத்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் உள்ள எங்களவர் வீடுகளில் பாதிக்கு எங்கள் பொடிதான். தம்பானூரில் இரண்டு காப்பி கிளப்புகளுக்கும் எங்கள் பொடிதான்.

மேஸ்திரி நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரர், கிறிஸ்தவர். பதினாறு வருஷமாக அந்த இரும்பு உருளையைக் கையால் சுற்றியவர். கொட்டை முதலில் பச்சைப்புல் வாடை அடிக்கும், பிறகு சுட்ட ரொட்டி வாடை, பிறகு வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிச் சத்தத்தை எண்ணியே அவர் உருளையை இறக்குவார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். இருவருக்கும் அரை நிமிஷத்துக்குமேல் வித்தியாசம் வந்ததில்லை. அவர் பக்கத்துச் சந்து வழியாக வந்து அந்த வழியாகவே போவார். கொட்டகையின் வாசற்படிக்கு இந்தப் பக்கம், அதாவது சாம்பிள் அறைக்கும் கடைக்கும், அவர் காலெடுத்து வைத்ததில்லை. வைக்கக்கூடாது. அவர் வறுத்ததை ஊரே குடிக்கலாம்.

ருசி பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. அந்த வேலையை நான் இருபது வயதில் ஆலப்புழையில் ஒரு வெள்ளைக்காரர் கம்பெனியில் கற்றேன். கொட்டையைக் கரகரப்பாக அரைத்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் விட்டு, நான்கு நிமிஷம் காத்திருந்து, மேலே மிதப்பதை வழித்தெடுக்க வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரு கரண்டியில் மொண்டு, உதட்டில் வைத்து, காற்றோடு சேர்த்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். அது நாக்கில் பரவி, வாசனை தொண்டைவழியாக மூக்குக்கு ஏற வேண்டும். பிறகு துப்பிவிட்டு, அடுத்த கிண்ணம். அதே கரண்டி.

எங்கள் வீடுகளில் இதைவிட அசிங்கமான காரியம் வேறில்லை. டம்ளரை உதட்டில் படவிடாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் ஆசாரம். உதட்டில் பட்டால் எச்சில். எச்சில் கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கடையில் இருந்த பதினெட்டு வருஷமும் சாம்பிள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டுதான் ருசி பார்த்தேன். பார்த்த கிண்ணங்களை நானே கழுவினேன். அந்தக் காப்பி ஒரு சொட்டும் கடைக்குப் போனதில்லை.

இந்த ஆசாரக்காரர்களின் காப்பி எத்தனை வயதானது என்பதும் எனக்குத் தெரியும். நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில் காப்பி போட்டார்கள், அதுவும் பின்கட்டில், ஒளித்து. மற்றவர்களுக்குக் காலையில் கஞ்சியோ மோரும் சோறுமோதான். காப்பியும் கள்ளும் ஒன்று, இரண்டும் ஆளைப் பிடித்துக்கொண்டு விடாது என்று என் பெரியப்பா சொல்வார். கள்ளுக்கடைக்குப் போகிறவனைப் பார்ப்பதுபோலக் காப்பி கிளப்புக்குப் போகிறவனைப் பார்ப்பார்கள். எனக்கு மீசை முளைப்பதற்குள் அதே பெரியப்பா டிகாஷன் இறங்கத் தாமதமானால் பாத்திரத்தை எறிகிறவராக மாறிவிட்டார். நேற்றுவரை பாவமாக இருந்தது இன்று ஆசாரமாகிவிட்டது. அதற்கு மடி என்ன, தீட்டு என்ன, தனிப் பாத்திரம் என்ன.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகஸ்தர், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருந்தார். சம்பந்தி வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள், காப்பி சரியில்லை என்றால் பந்தியிலிருந்து எழுந்துவிடுவார்கள் என்று பெயர். கல்யாணத்துக்கு என்றே அண்ணா இரண்டு மூட்டை நல்ல கொட்டை வரவழைத்தார். யுத்தத்தால் ரயில் வாகன் கிடைக்கவில்லை. மலையிலிருந்து கொட்டை கரி எரித்து ஓடும் லாரியில் வந்தது.

பிப்ரவரி 8-ஆம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்தார். கூட இரண்டு பெரியவர்கள். நான் வாணலியில் சாம்பிள் வறுத்து முடித்திருந்தேன்.

"ஓய், கதவைச் சாத்தாதேயும்" என்றார் அவர். "நீர் உள்ளே என்ன பண்றேர்னு ஊர்ல ஒரு பேச்சிருக்கு."

"என்ன பேச்சு?"

"சப்பிச் சப்பித் துப்பறேராம். வெள்ளைக்காரன் மாதிரி. அந்தக் கரண்டியேதான் பொடியிலேயும் விழறதாம்."

"பொடிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சாம்பிள் வேற, சரக்கு வேற."

"இருக்கட்டும். எங்காத்துக் கல்யாணமாக்கும். எங்க முன்னாடி மனுஷாள் குடிக்கற மாதிரி குடிச்சுச் சொல்லும்."

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா, "அதுக்கென்ன, அப்படியே குடியுமே ஓய், நாக்கு ஒண்ணுதானே" என்று சிரித்தார்.

நாக்கு ஒன்றுதான். ஆனால் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். வேண்டுமானால் யாரும் செய்து பார்க்கலாம். காப்பி நாக்கின் நடுவில் விழுந்து நேரே தொண்டைக்குள் போகிறது. சூடு தெரியும், கசப்பு தெரியும். வாசனை மூக்குக்கு வருவதற்குள் டம்ளர் காலி. காப்பி வியாபாரம் செய்கிற நாங்கள், அதிலேயே சம்பாதித்துச் சாப்பிடுகிற நாங்கள், காப்பியை ருசி பார்க்க முடியாத ஒரு வழியில்தான் அதைக் குடிக்கிறோம். எனக்கு இது தெரியும். தெரிந்தே டம்ளரை எடுத்தேன்.

கொட்டகை வாசற்படிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி நின்றிருந்தார். அவர் மெதுவாக, "சாமி, கரண்டி எடுத்தா கொள்ளாம்" என்றார். எடுத்தால் நல்லது என்று அர்த்தம்.

வந்திருந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "உம்ம வேலையைப் பாரும்" என்றேன்.

"வேலையைத்தான் சாமி சொல்லுகேன்."

"போம்."

அவர் போனார். நான் அண்ணாந்து குடித்தேன். கசப்பு சரியாக இருந்தது. "நன்னாருக்கு" என்றேன். டைரியில், 'கல்யாணக் கொட்டை, இரண்டு மூட்டை, பழுதில்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை கல்யாணம். நான் விடியற்காலைக் காப்பிக்குப் போகவில்லை, கடைக்குப் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் போனேன். பரிமாறியவர்கள் என் இலைப் பக்கம் முகம் திருப்பிக்கொண்டே பரிமாறினார்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வெள்ளிக்கிழமை. 9.10-க்குப் பெண்ணின் தகப்பனார் மறுபடி வந்தார். அதே இரண்டு பெரியவர்கள். ஒருவர் கையில் மூடி போட்ட பித்தளைத் தூக்கு.

"திறந்து மோந்து பாரும்" என்றார் அண்ணாவிடம்.

அண்ணா முகர்ந்தார். "பொடி வாசனைதானே வரது."

"பொடியிலே வராது. கொதிக்கற ஜலம் விட்டுப் பாலைச் சேத்தா வரும். மாப்பிள்ளையோட தகப்பனார் ஒரு வாய் குடிச்சுட்டு என்ன கேட்டார் தெரியுமா? உங்க ஊர்ல காப்பிக்கொட்டை மரத்துலே காய்க்கறதா, சமுத்திரத்துலே காய்க்கறதான்னு கேட்டார். எழுபது பேர் முன்னாடி. அத்தனை காப்பியையும் கொல்லையிலே கொட்டிட்டு, தெருவிலே பிடி பிடியாப் பொடி கடன் வாங்கினோம்."

"மீனா?" என்றார் அண்ணா.

"கருவாடு."

அண்ணா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நேரே கொட்டகை வாசற்படிக்குப் போனார்.

"என்னடா சுட்டே உருளையிலே?"

மேஸ்திரி உருளையைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. உள்ளே கொட்டை வெடிக்க ஆரம்பித்திருந்தது. "கொட்டையைத்தான் முதலாளி."

"மத்தியானச் சோத்துக்குக் கருவாடு சுட்டிருக்கே. எல்லாரும் சொல்றா."

"எல்லாரும்னு ஆரு? என்ன மீன்னு சொன்னாங்களா? சாளையா, நெத்திலியா?"

"வாயைப் பாரு" என்றார் தூக்கு வைத்திருந்தவர்.

"உருளையில கருவாட்டைச் சுட்டிருந்தா சாலையில உள்ள பூனையெல்லாம் இந்தச் சந்துல வந்து நிக்கும் முதலாளி. ஒண்ணையும் காணல்லியே." அப்போதும் அவர் கை சுற்றிக்கொண்டிருந்தது. அளவான நேரத்தில் உருளையை இறக்கி, கொட்டையை முறத்தில் கொட்டி, விசிறிவிட்டு, பிறகுதான் நிமிர்ந்தார். "பதினாறு வருஷமா இதைத்தான் சுத்துகேன். வாடை எங்க உள்ளதுன்னு முதலாளிக்கும் தெரியும். சாமிக்கும் தெரிஞ்சிருக்கணும். சாமி சொல்லட்டு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாடை எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் அவர் உருளையில் எதையும் சுடவில்லை என்று தெரியும். நாள் முழுவதும் அந்த வாசற்படிக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். அவர் மத்தியானம் சாப்பிடுவது சந்தின் கோடியில், கிணற்றங்கரையில். அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீர் என்னத்தைக் குடித்துப் பார்த்தீர் என்பது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

"போடா, இனிமே இந்தச் சந்துலே காலை வைக்கப்படாது" என்றார் அண்ணா.

மேஸ்திரி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. மணி 9.35.

அவர் வெறும் கூலி ஆளாக இருந்தால் வேறு கூலி தேடிக்கொள்வார். வறுக்கிறவனுக்கு அப்படியில்லை. சாலையில் காப்பி வறுக்கும் கடைகள் அப்போது மொத்தம் நான்கு. உருளையில் கருவாடு சுட்டவன் என்று பெயர் வந்துவிட்டால் நான்கிலும் கதவு அடைத்துவிடும், பிறகு அந்தத் தொழிலே அவருக்கு இல்லை. பதினொன்றரைக்குள் அது நடந்தும் விட்டது. எங்களுக்குப் பொடி அரைத்துத் தரும் மில்காரர் வந்து சொன்னார். மேஸ்திரி எதிர்வரிசை ராவுத்தர் கடைக்குப் போய் வேலை கேட்டாராம். ராவுத்தர், "எனக்கு மீன் ஆகாதுன்னு இல்ல மேஸ்திரி, வாங்குதவன் ஐயமாருல்லா" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மில்காரர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அவரை நான் வெளியே போகச் சொன்னேன்.

மத்தியானம் ஒன்றரைக்குச் சாம்பிள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கல்யாணக் கொட்டையில் வறுக்காதது மூட்டையின் அடியில் நான்கு ராத்தல் போல மிச்சம் இருந்தது. வறுத்தேன், அரைத்தேன், தண்ணீர் விட்டேன், நான்கு நிமிஷம் காத்தேன். கரண்டியால் உறிஞ்சினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நாக்கின் ஓரங்களில் ஓர் உப்பு. பிறகு மூச்சை விட்டபோது கடற்கரை. மீன் காய வைத்த பாய் ஈரமானால் வருமே, அது. பச்சைக் கொட்டை அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. வறுப்புப் புகை அதை மூடுகிறது. கொதிநீர் திறந்துவிடுகிறது. பால் அதைத் தூக்கிக் கையில் கொடுக்கிறது. திங்கட்கிழமை ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி உறிஞ்சியிருந்தால் அந்தக் கொட்டை கடையை விட்டுப் போயிருக்காது.

மூட்டையைக் கவிழ்த்தேன். காலிச் சாக்கைத் திருப்பி, உள்பக்கத் தையலில் வெந்நீர் தெளித்து முகர்ந்தேன். கேட்கவே வேண்டாம். தையலுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். மீன் செதில்.

அண்ணா நாலரைக்கு உறங்கி எழுந்து வந்தார்.

"சாக்கு எங்கேருந்து வந்தது அண்ணா?"

"சாக்குக் கடையிலேருந்து வந்தது."

"எந்தச் சாக்குக் கடை?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வலியதுறை." மீன் இறங்கும் கடற்கரை அது.

"கடப்புறத்துச் சாக்குலே என்ன இருந்திருக்கும்னு தெரியாதா?"

"அலசித்தானே வாங்கினேன். சோடாக்காரம் போட்டு, மூணு வெயில் காய வெச்சதாக்கும். கொட்டை வந்த சாக்கு வழியிலேயே கிழிஞ்சு போச்சு. புதுச் சாக்கை ஒண்ணு விடாமப் பட்டாளத்துக்காரன் வாரிண்டு போறான். பின்னே கொட்டையை என் மடியிலேயா கட்டி வெச்சுப்பேன்?"

"மேஸ்திரி உங்ககிட்டே சொன்னாரா?"

"சொன்னான். சாக்கு ஒரு வாடை அடிக்கறது முதலாளின்னான். அவன் சொல்லி நான் கேக்கறதா? அதுக்குத்தானே உம்மை வெச்சிருக்கேன். நீர் குடிச்சுட்டு நன்னாருக்குன்னீர்."

அது உண்மை. உண்மை என்பதால் கோபம் குறையவில்லை, அதிகமாயிற்று. "அவரைத் திருப்பிக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"கூப்பிட்டா? கருவாட்டுச் சாக்குலே வெச்ச காப்பியை வித்தான்னு நாளைக்குக் கோட்டை முழுக்கப் பேச்சாகும். கடையை மூட வேண்டியதுதான். வேலைக்காரன் பண்ணின தப்புன்னா ஆளை மாத்தியாச்சு, உருளையைக் கழுவியாச்சு, தீந்துது. அவனுக்கென்ன, எங்கேயாவது போய்ச் சுத்துவான்."

"எங்கே சுத்துவார்? ராவுத்தரே வேண்டாம்னுட்டார்."

"அப்போ ஊருக்குப் போய் மரவள்ளி நடட்டும். ஓய், உமக்கு எதுக்கு இத்தனை ஆவேசம்? அவன் தப்பு இல்லேன்னா யார் தப்பு? யோசிச்சுச் சொல்லும்."

நான் யோசிக்கவில்லை. சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு 5.40-க்குப் புறப்பட்டேன்.

பெண்ணின் தகப்பனார் வாசலில் பந்தல் பிரிப்பவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன், சாக்கு, வலியதுறை, கரண்டி, எல்லாம். செதில் ஒட்டிய தையலைப் பிரித்துக் காட்டினேன்.

"அந்தச் சவத்தை முதல்ல அந்தப் பக்கம் வையும்" என்றார். "அதான் தீந்துபோன விஷயமாச்சே."

"மேஸ்திரிக்குத் தீரலை."

"இதைப் பாரும். சம்பந்தியாத்துக்கு நேத்தே சொல்லியாச்சு, கடையிலே ஒரு வேலையாள் பண்ணின காரியம், அவனைத் தள்ளிடுவான்னு. அவாளும் சமாதானமாகி இன்னிக்குக் கார்த்தாலே கிளம்பிப் போயாச்சு. இப்போ சாக்குன்னா என்ன ஆகும்? யார் வாங்கினா, யார் பாத்தா, யார் நன்னாருக்குன்னான்னு ஒண்ணொண்ணா வரும். உம்மை அண்ணாந்து குடிக்கச் சொன்னது யார்னு வரும். நானும்னா அங்கே நின்னேன்."

"உருளையிலே சுட்டாலும் சாக்குலே இருந்தாலும் கருவாடு ஒரே கருவாடுதானே. அதுலே உங்களுக்கு என்ன வித்தியாசம்?"

"ஆள் வித்தியாசம்" என்றார். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார். "போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வீட்டுக்குள்ளே போம். உமக்கும் ஆத்திலே பெண் இருக்கு."

வீட்டில் என் மனைவி சாக்கை உள்ளே விடவில்லை, கொல்லைச் சுவரில் போடச் சொன்னாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்த மேஸ்திரிக்கு எத்தனை குழந்தைகள்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவர் உருளை ஏற்றிய நிமிஷமும் இறக்கிய நிமிஷமும் பதினாறு வருஷத்துக்கு என்னிடம் இருக்கின்றன. அவருக்கு எத்தனை குழந்தைகள் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை.

"உங்க வேலை போயிடுமே" என்றாள்.

"போகட்டும்."

"போகட்டும்னு கோவத்துலே சொல்றேளா?"

"கோவத்துலேதான்."

அன்றைய டைரியில் சாம்பிள் அறையில் கண்டதை ஒரு வரியும், 'திங்கட்கிழமை எழுதியது தப்பு' என்று ஒரு வரியும் எழுதி மூடினேன்.

இதற்குப் பிறகு ஆனதையும் சொல்லிவிடுகிறேன். ராவுத்தர் கடையில் மேஸ்திரிக்கு வேலை கிடைத்தது, எட்டு நாள் கழித்து. இப்போதும் அங்கேதான் வறுக்கிறார். என்னை எதிரில் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "கேட்டாச்சு இல்லியா, இனி போங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அண்ணாவின் கடை மூடவில்லை. இரண்டு மாதத்தில் பேச்சு அடங்கிவிட்டது, பழைய வீடுகளெல்லாம் பழையபடி வாங்குகின்றன. எனக்குத்தான் அந்தக் கதவு மூடியது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. எங்கள் தெருவில் ஒரு வருஷம் என்னை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. கருவாட்டுச் சாக்கைத் தொட்டதற்காக இல்லையாம், கரண்டி விஷயத்தை நானே வாயால் ஒப்புக்கொண்டதற்காகவாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், பிப்ரவரி 13-ஆம் தேதி, சனிக்கிழமை காலை 4.15-க்கு எழுந்தேன். ஆற்றுக்குப் போகவில்லை, காப்பி குடிக்கவில்லை. கொல்லைச் சுவரிலிருந்து சாக்கை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் நடுவே நடந்தேன். குளித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். கிள்ளிப்பாலம் தாண்டிச் சாலைக்குள் போகும்போது விடிந்திருந்தது. ராவுத்தர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மற்ற வறுப்புக் கடைக்காரர்கள் இருவரும் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாமி, கோலம் ஒரு மாதிரி இருக்கு" என்றார் ராவுத்தர்.

சாக்கை அவருடைய மேஜைமேல் விரித்து, உள்பக்கத்தைத் திருப்பி, "மோந்து பாருங்கோ" என்றேன். மூவரும் குனிந்து முகர்ந்தார்கள். இந்தச் சாக்கிலிருந்த கொட்டையைத்தான் மேஸ்திரி வறுத்தார், வாடை இதனுடையது, அவர் சொன்னபோது கேட்காமல் குடித்துவிட்டு நல்லது என்று சொன்னவன் நான் என்றேன். ராவுத்தர் செதிலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இதற்குள் அரிசிக் கடைகளிலிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.